பின்னால யாரு?

வரிசையில தானா ஒதுங்கி நின்னு, "நீங்க போங்க, நீங்க போங்க"ன்னு எல்லாரையும் முன்னால விட்டுட்டுக் கடைசியா வர்ற ஆளுங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்தமான்ல எங்க டெலானிபூர் பஸ் ஸ்டாப்புல அப்படி ஒருத்தர் இருக்கார். மழை கொட்டும், அப்பவும் குடையை மடக்கிக்கிட்டு ஓரமா நிப்பார். ஒருநாள், "அரே பாய், ஏறித் தொலைங்களேன், என்ன பெரிய தியாகம்?"னு கத்திட்டேன். மனுஷன் அரண்டு போயிட்டார். வீட்டுக்கு வந்து சம்சாரத்துக்கிட்டச் சொன்னா, "உங்களுக்கு அந்தக் கட்சால் அம்மா ஞாபகம் வந்திருக்கும். அதுக்கு அந்த மனுஷன் என்ன பண்ணுவார் பாவம்?"னு கேட்டா. கேட்டது சரிதான்.

அந்தம்மாவுக்குப் பேரு இருந்துச்சு. கட்சால் ரப்பர் தோட்டத்துல யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'கடேசிக்காரி'ம்பாங்க. நானும் பேரைச் சொல்லப் போறதில்ல. சொன்னா வேற யாரையோ பத்திப் பேசுற மாதிரி இருக்கு.

நான் போர்ட் பிளேர்லயே பிறந்தவன். எங்கப்பா ராமநாதபுரத்துலேருந்து வந்து ஷாதிபூர்ல மளிகைக் கடை போட்டவர். எங்களுக்கு வீட்டுல தமிழ், தெருவுல ஹிந்தி, சண்டைக்கு ரெண்டும். எனக்கு ஃபயர் சர்வீஸ்ல வேலை. எழுபதுகள்ல என்னை நிக்கோபார் பக்கம் கட்சால் தீவுக்கு அனுப்புனாங்க. காட்டை வெட்டி ரப்பர் போட்டுக்கிட்டிருந்த காலம் அது. வெட்டிச் சாய்ச்ச காடு வெயில்ல காய்ஞ்சதும், மழைக்கு முன்னால அதுக்குத் தீ வைப்பாங்க. வச்ச தீ எல்லை தாண்டி வந்து, முந்தின வருஷம் நட்ட ரப்பர் கன்னுங்களையும் ஜனங்க குடியிருக்கிற லயத்தையும் பிடிச்சிடக் கூடாது. அதுக்குத்தான் ஒரு டிரெய்லர் பம்பு, ஒரு குவியல் கேன்வாஸ் ஹோஸ், கூட நான்.

லயம்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளமாக் கட்டுன வீட்டு வரிசை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதுல ஒரு அறை, அதான் காம்பரா. அந்தச் சொல்லைக் கட்சாலுக்குக் கொண்டு வந்ததே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துலேருந்து கப்பலேறி வந்த தமிழ் ஜனங்கதான். அங்க மலை, பனி, தேயிலை. இங்க கடலு, அட்டை, காய்ச்சல். வந்த மொத வருஷமே நாலஞ்சு வீட்டுல பாடை கட்டியாச்சு. பொழுது சாய்ஞ்சா லயத்துல ஒரு சத்தமும் இருக்காது. இருமல் மட்டும் ஒரு காம்பராவுலேருந்து அடுத்த காம்பராவுக்குப் போகும்.

ஆம்பளைங்களை எல்லாம் மரம் வெட்டுற பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஹோஸ் இழுக்க எனக்குக் கிடைச்சது பொம்பளைங்க. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "கொழுந்து கிள்ளுற கை ஹோஸ் தூக்குமா?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

பாக்கியம்னு ஒரு சின்னப் பொண்ணு இருந்தா. கைப்புள்ளைக்காரி, வாய் ஓயாது. "நெறஞ்ச கூடையோட மழையில மலை எறங்கியிருக்கீங்களா அய்யா?"ன்னா.

"இல்ல."

"அப்ப பேசாதீங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. பின்னால தள்ளி நின்ன அந்தம்மா மட்டும் சிரிக்கல. கறுப்பா, ஒல்லியா, எலும்பு கெட்டியான உடம்பு. உச்சந்தலையில கூடைக்கயிறு வருஷக்கணக்கா அழுத்தி ஒரு தடம் விழுந்திருந்துச்சு. அந்த இடத்துல முடியே கிடையாது.

வெட்டிப் போட்ட காட்டுல ஹோஸ் விரிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. சுருட்டி வச்ச ஹோஸை ரோட்டுல உருட்டி விட்டா ஓடும். இங்க அடிமரமும் கிளையுமாக் கிடக்கிற சரிவு. உருட்டினா மாட்டும், இழுத்தா முறுக்கிக்கும், முறுக்குன இடத்துல தண்ணி நின்னு போகும். மொத நாள் பூரா நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு. மறுநாள் இவங்க எல்லாரும் கொழுந்துக் கூடையோட வந்து நின்னாங்க. ரப்பர் தோட்டத்துல அது எதுக்குன்னு கேக்குறீங்களா? இலங்கையிலேருந்து சட்டி பானையை அதுலதான் போட்டுக் கொண்டு வந்தாங்க. தூக்கிப் போட மனசு வருமா? எதைச் சுமக்கிறதா இருந்தாலும் அவங்களுக்குக் கூடைதான். ஹோஸை முன்னும் பின்னுமா மடிச்சு மடிச்சுக் கூடைக்குள்ள அடுக்கி, கயிறைத் தலையில மாட்டி, முனையை வெளிய தொங்க விட்டுட்டு நடந்தா, அது பாட்டுக்கு மடிப்பு மடிப்பாப் பிரிஞ்சு பின்னால விழுந்துக்கிட்டே வருது. கையி ரெண்டும் சும்மா இருக்கு, கிளையைப் பிடிச்சு ஏறலாம். எந்த முனை மேல இருக்கணும், எது அடியில இருக்கணும்னு நான் சொல்லிக் குடுத்தேன். மீதியெல்லாம் அவங்க பழக்கம்.

மொத பொம்பளையோட ஹோஸ் முனையைப் பம்புல மாட்டுவேன். அவ நடப்பா. கூடை காலியானா அந்த இடத்துலயே உக்காந்துக்கணும். அடுத்தவ அந்த முனையில தன் ஹோஸைக் கோத்துக்கிட்டு மேல போவா. அவ கூடை காலியானா அதுக்கடுத்தவ. இப்படியே போயி, கடைசி ஹோஸோட முனையில பிராஞ்ச், அதாவது தண்ணி பீச்சுற பித்தளைக் குழாய். இணைப்புக்கு ஒருத்தியா நடுவுல உக்காந்திருக்கிறவங்க ஹோஸ் மடங்காமப் பாத்துக்கணும், மேலேருந்து வர்ற குரலைக் கீழ கடத்தணும். பம்பு இரையுற இரைச்சல்ல மேல கத்துறது எனக்கு நேரா எங்க கேக்கும்?

எரிஞ்சு முடிஞ்ச கறுப்புத் தரையில கால வச்சுக்கிட்டு, தீயோட ஓரத்தை ஒட்டியே போகணும், ஜ்வாலையில தண்ணியை வீணாக்காம அடியில அடிக்கணும்னு பாடம் நடத்தினேன். புகை மூடிட்டா ஹோஸைத் தடவிக்கிட்டே இணைப்புக்கு வாங்க, பிடிச்சுக் கழட்டுற காது எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் பம்புன்னு சொன்னேன். கேன்வாஸ் ஹோஸ்ல தண்ணி லேசாக் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால அது கங்கு மேலேயே கிடந்தாலும் எரியாது.

இதுல சிரமமான வேலை ஒண்ணு இருக்கு. பம்பை நிறுத்தாம அடுத்த ஹோஸைக் கோக்கிறது. தண்ணி போயிக்கிட்டிருக்கிற ஹோஸை ரெண்டு மடிப்பா மடக்கி, அது மேல முட்டி போட்டு உக்காந்து, முழு பலத்தோட அமுக்கணும். தண்ணி நின்ன அந்த நேரத்துல இன்னொருத்தி பிராஞ்சைக் கழட்டி, புது ஹோஸை மாட்டி, அதோட முனையில பிராஞ்சை வைப்பா. அமுக்குற ஆளு அசந்தா ஹோஸ் துள்ளி அடிச்சுப் பல்லைப் பேத்துரும். அந்தம்மா முட்டி போட்டா ஒரு சொட்டு போகாது. அவ்வளவு கெட்டி.

அதனாலதான் எனக்கும் அந்தம்மாவுக்கும் மொத சண்டை வந்துச்சு. பலசாலியை முன்னால விடலாம்னு நான் பாத்தா, அது நகர மாட்டேங்குது.

"நான் கடேசி தம்பி."

"ஏம்மா, இது என்ன ரேஷன் கடையா? நீங்க முன்னால போங்க."

"கடேசிதான்."

"அரே! கடைசியாப் போற ஆளுதான் தீக்கிட்டப் போயி நிக்கணும், தெரியுமா?"ன்னேன். பயந்துக்கும்னு நினைச்சேன்.

கொஞ்சம் யோசிச்சுட்டு, "எறங்கறப்ப?"ன்னு கேட்டுச்சு.

"எறங்கறப்பவும் பம்புக்குக் கிட்ட இருக்கிறவ மொதல்ல. மேல இருக்கிறவ கடைசில."

அன்னிக்குத்தான் அந்தம்மா சிரிச்சு மொத தடவை பாத்தேன். "அப்ப சரி. போகவும் கடேசி, வரவும் கடேசி"ன்னு சொல்லிட்டுக் கயிறைத் தலையில மாட்டிக்கிச்சு.

ரேஷன் கடையிலயும் இதே கதைதான். கப்பல்ல அரிசி வந்த அன்னிக்கு மொத ஆளாப் பையோட வந்துரும், ஆனா வரிசையில நிக்காது. பாதாம் மரத்தடியில உக்காந்திருக்கும். எல்லாரும் வாங்குனப்புறம் எந்திரிச்சுப் போனா மூட்டை அடியில கிடக்கிற குருணையும் கல்லும்தான் மிஞ்சும். சில நாள் அதுவும் இருக்காது, வெறும் பையை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போகும். "எல்லாம் நடிப்பு, ஸ்டோர்க்காரன் இரக்கப்பட்டு ரெண்டு கை கூடப் போடுவான்னு கணக்கு"ன்னு லயத்துல பேசிக்கிட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இருந்தது ஒத்தை ஆளு. ராத்திரிக்கு ரொட்டி சுட்டா ஒண்ணை மூடி வச்சுரும்னும், காலையில அதையே சாயத்தண்ணியில, அதாவது பாலில்லாத டீயில, நனைச்சுத் தின்னுட்டு வேலைக்கு வரும்னும் பாக்கியம் சொல்லுவா. அடுத்த காம்பரா அவளோடது.

கப்பல் வந்தா அந்தம்மா ஜெட்டியில, அதான் கப்பல் கட்டுற துறையில, போயி நிக்கும். ஜனங்க எறங்கி, ஆடு எறங்கி, தகரப் பெட்டி எறங்கி, எல்லாம் முடிஞ்சப்புறம் ஏணிக்கிட்டப் போயி அண்ணாந்து பாத்து, கப்பல்ல வேலை பாக்குற கலாசிகிட்ட, "பின்னால யாரும் இருக்காங்களா?"ன்னு கேக்கும். அந்தக் கலாசி தெலுங்கன், ஹிந்தியும் பேசுவான். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. ஆனா நாளடைவுல அவனுக்கே பழகிப் போச்சு. அந்தம்மா தலையைக் கண்டதும் மேலேருந்தே கையை விரிச்சு, "கோயி நஹி அம்மா, கோயி நஹி"ம்பான். யாருமில்லன்னு அவன் சொல்றது இதுக்கும் புரியும். திரும்பி நடந்துரும்.

வேலையில அந்தக் கேள்வி எனக்குப் பெரிய தலைவலியாப் போச்சு. மேல போயி பிராஞ்சைப் பிடிச்சதும் தண்ணி கேக்கணுமா இல்லையா? கேக்காது. மொதல்ல, "பின்னால யாரு?"ன்னு குரல் குடுக்கும். அடுத்து உக்காந்திருக்கிறவ, "பாக்கியம் இருக்கேன்! பின்னால யாரு?"ம்பா. அதுக்குக் கீழ, "ராமாயி இருக்கேன்! பின்னால யாரு?" அப்படியே ஒவ்வொருத்தியா வந்து வந்து கடைசியில எங்கிட்ட வரும். நான் பதில் சொல்லாம இருந்து பாத்தேன். தீ எரிஞ்சுக்கிட்டிருக்கு, தண்ணி கேக்க மாட்டேங்குது. மறுபடியும் மேலேருந்து ஆரம்பிக்குது, "பின்னால யாரு?"

"பம்புக்காரன் இருக்கேன்!"னு கத்தினேன். அந்தப் பதில் ஒவ்வொரு வாயாத் தாவி மேல போச்சு. அப்புறம்தான், "தண்ணி!"ன்னு வந்துச்சு.

அன்னிலேருந்து தினமும் இந்தக் கூத்துதான். ஆபீஸ் ஆளுங்க வந்து பாத்துட்டுச் சிரிப்பாங்க. எனக்கு வெக்கமாப் போயிரும். கத்துறது மட்டும் நிக்கல.

ஏன் இப்படின்னு பாக்கியம்தான் ஒருநாள் சொன்னா. எரிஞ்ச சரிவுல அடிமரத்துக் கங்கெல்லாம் அணைச்சுட்டு எல்லாரும் ஓடையில மூஞ்சி கழுவிக்கிட்டிருந்தோம். அந்தம்மா வழக்கம் போல இன்னும் மேலேயே நின்னு, எல்லாரும் எறங்கியாச்சான்னு பாத்துக்கிட்டிருந்துச்சு.

"அதுக்கு ஒரு மக இருந்திச்சி அய்யா. தலைமன்னாருல கப்பல் ஏறுற எடத்துல ஒரே தள்ளுமுள்ளு. மூட்டையத் தலையில வச்சிக்கிட்டு இது முன்னால போயிருச்சி. மக பின்னால வர்றான்னு நெனப்பு. கேட்டவங்ககிட்டயெல்லாம், 'பின்னால எம் மக வர்றா, பின்னால எம் மக வர்றா'ன்னு சொல்லிக்கிட்டே ஏறிருச்சி. மேல போயித் திரும்பிப் பாத்தா மக கரையில கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. அவ பேப்பருல என்னமோ கொறையாம். அடுத்த கப்பல்ல வருவான்னாங்க."

"வரலையா?"

"இன்னி வரைக்கும் இல்ல."

"அப்பவே இது எறங்கியிருக்கலாமில்ல?"

"ஏணிய எடுத்துட்டாங்களே அய்யா."

பம்பை அணைச்சேன். மேலேருந்து, "பின்னால யாரு?"ன்னு குரல் வந்துச்சு. எல்லாரும் எறங்கிட்டதால நடுவுல கடத்த ஆளில்ல. அன்னிக்கு நானே எந்திரிச்சுச் சரிவு ஓரம் வரைக்கும் போயி, "பம்புக்காரன் இருக்கேன்மா, வாங்க!"ன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வெக்கம் வந்ததில்ல.

இனிமே சொல்லப் போறதைத்தான் நான் யாருகிட்டயும் முழுசாச் சொன்னதில்ல.

மாசி முடியுற சமயம். காத்து கடல் பக்கமா அடிச்சுக்கிட்டிருந்துச்சு, அதை நம்பித்தான் அன்னிக்கு எரிச்சாங்க. எங்களுக்கு வேலை சரிவோட இந்த ஓரத்துல. இந்த ஓரத்துக்கும் லயத்துக்கும் நடுவுல ஆள் உயரத்துக்கு இலுக்குப் புல். காய்ஞ்ச இலுக்கு பத்தினா நின்னு எரியாது, ஓடும். அதுக்குள்ள தீ நுழையாம ஓரத்தை நனைச்சுக்கிட்டே மேல போனோம். பாக்கியத்தோட கூடைக்கு அடுத்தது, கடைசிக் கூடை, அந்தம்மாவோடது. பிராஞ்ச் அது கையில. "பின்னால யாரு?" வந்துச்சு, பதில் போச்சு, தண்ணி விட்டேன். எல்லாம் ஒழுங்காப் போயிக்கிட்டிருந்துச்சு.

மத்தியானம் தாண்டினதும் காத்து செத்துப் போச்சு. இலை அசையல. அப்புறம் மொத்தமாத் திரும்பி எங்க மூஞ்சியில அடிச்சுது. புகை சரிவு பூரா இறங்கி வந்துச்சு. மேலேருந்து அந்தம்மா, "எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"ன்னு கத்தினது எனக்கே நேராக் கேட்டுச்சு, பாத்துக்கோங்க. ஒவ்வொருத்தியாக் காலால ஹோஸைத் தடவிக்கிட்டு வந்து சேந்தாங்க. இருமுறாங்க, கண்ணைக் கசக்குறாங்க. ராமாயி வந்தாச்சு, மத்தவங்க வந்தாச்சு. பாக்கியம் இல்ல. அந்தம்மா இல்ல.

"மேலேருந்து வர்றாங்க, வர்றாங்க"ன்னு எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறோம். அப்ப பின்னாலேருந்து, லயத்துப் பாதையில, இடுப்புல புள்ளையோட பாக்கியம் ஓடி வர்றா.

எனக்கு ஒண்ணும் விளங்கல. "நீ எங்கடி போன?"ன்னேன்.

"பால் குடுக்கப் போனேன் அய்யா. குறுக்கால திரும்பி ஏறலாம்னு பாத்தா ஒரே பொகை. அதான் சுத்தி வந்தேன்."

"உன் கூடை?"ன்னு ராமாயி கேட்டா. குரலே சரியில்ல.

"அங்கதான் வச்சிட்டு வந்தேன், என் எடத்துல."

ராமாயி நெஞ்சுல அறைஞ்சுக்கிட்டு உக்காந்துட்டா. எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு, எனக்கு மட்டும் புரியல. நான் தேயிலைத் தோட்டத்தைக் கண்டவனா? ராமாயிதான் அழுதுக்கிட்டே சொன்னா. அவங்க தோட்டத்துல கைப்புள்ளைக்காரி நேரமானா யாரையும் கேக்க வேண்டியதில்லையாம். கூடையைத் தன் நிரையிலேயே, அதாவது அவ கொழுந்து பறிக்கிற வரிசையிலேயே, வச்சுட்டுப் போயிப் பால் குடுத்துட்டு வரலாமாம். கூடை அங்க இருந்தா, அவ திரும்பி வருவான்னு அர்த்தமாம்.

மேல இருக்கிறது யாரு? பின்னால வர்றவங்களை விட்டுட்டு ஒரு அடி எடுத்து வைக்காதவ. அந்தக் கூடையைப் பாத்தா எறங்குமா?

கத்தினோம். எல்லாரும் சேந்து கத்தினோம். "பாக்கியம் இங்க இருக்கா! வந்துரு!"ன்னு. நடுவுல ஒரு ஆளு இருந்தாப் போதும், கேட்டிருக்கும். நடுவுல யாருமில்ல. பாக்கியம் புள்ளையோட ஓடப் பாத்தா, ரெண்டு பேரு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் பம்பை ராமாயிகிட்ட விட்டுட்டு, "என்ன ஆனாலும் அணைச்சிராத, தண்ணி நின்னா ஹோஸ் எரிஞ்சுரும்"னு சொல்லிட்டு ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு ஏறினேன். ரெண்டாவது இணைப்புக்கு மேல முடியல. புருவம் பொசுங்குது, மூச்சு உள்ள போகல. இடது பக்கம் இலுக்குல தீ விழுந்த சத்தம் கேட்டுச்சு. மழை வர்ற மாதிரி ஒரு இரைச்சல். நான் கீழ விழுந்து உருண்டு வந்தேன்.

புல்லுத் தீ சீக்கிரம் தாண்டிரும். தாண்டினதும் ஏறினோம். எல்லாம் கறுப்பு. அதுக்கு நடுவுல ஹோஸ் மட்டும் ஈரமா, வெள்ளையாக் கிடந்துச்சு. பாக்கியத்தோட இணைப்புல, ஹோஸ் மேலேயே குப்புறப் படுத்து, பாக்கியத்தோட கூடையைத் தலையில கவுத்துக்கிட்டு அந்தம்மா கிடந்துச்சு. கசிஞ்ச தண்ணிதான் உசிரைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. முதுகும் கையும் பாக்குற மாதிரி இல்ல. பாக்கியம் கிட்டப் போயி விழுந்து, "அத்தே, அத்தே"ன்னு கதறினா. அந்தம்மா கண்ணைத் திறந்து அவளையும் புள்ளையையும் பாத்துச்சு. தொண்டை வெந்திருச்சு, குரல் இல்ல, வெறும் காத்து.

"பால் குடிச்சானா?"ன்னு கேட்டுச்சு.

ரப்பர் கன்னு பாதி போச்சு. தீ ஓடையோட நின்னுச்சு. லயம் தப்பிச்சுது. அதைப் பத்தி அன்னிக்கு யாரும் பேசல, லயத்துல அடுப்பும் எரியல.

அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் கம்பவுண்டர் மருந்தைத் தடவிக்கிட்டிருந்தார். வந்ததும் ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினோம். கூட நான், புள்ளையோட பாக்கியம். வழி பூரா காய்ச்சல். பாக்கியம் வாயில தண்ணி நனைச்சுக்கிட்டே வந்தா. "அத்தே, போர்ட் பிளேரு பெரிய ஆஸ்பத்திரி அத்தே, சரியாயிரும்"னு சொல்லிக்கிட்டே வந்தா. அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போயிட்டா ஏதாவது வழி பிறக்கும்னு ஒரு ஆசை இருந்துச்சு. இல்லாம இருக்குமா?

போர்ட் பிளேர் ஜெட்டியில ஆம்புலன்ஸ் தயாரா நின்னுச்சு. ஏணியைப் போட்டதும் அதே தெலுங்குக் கலாசி கூட்டத்தை ஒதுக்கிக்கிட்டு, "மரீஸ் பெஹ்லே! மரீஸ் பெஹ்லே!"ன்னான். நோயாளி மொதல்ல எறங்கட்டும்னு எல்லாரும் வழி விட்டாங்க. ஸ்ட்ரெச்சரைத் தூக்கினோம். நகரல. அந்தம்மா கப்பல் ஓரத்துக் கம்பியைப் பிடிச்சிருக்கு. அந்த வெந்த கையால.

"விடுங்கம்மா, நேரமாகுது."

தலையை ஆட்டுச்சு. வேண்டாம்னு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கையைப் பிரிச்சுடலாம். ஆனா தோலு என் விரல்லயே ஒட்டிக்கிட்டு வருது. "போங்கய்யா எல்லாரும், எறங்கித் தொலைங்க, ஜல்தி!"ன்னு கூட்டத்தைப் பாத்துக் கத்தினேன். அந்தம்மா கண்ணாலேயே பாக்கியத்தை முன்னால போகச் சொல்லுச்சு. அவ புள்ளையைத் தூக்கிக்கிட்டு அழுதுக்கிட்டே எறங்கினா. அப்புறம் ஜனங்க. மூட்டை, பெட்டி, கோழிக்கூடை. தாண்டிப் போற ஒவ்வொரு மூஞ்சியையும் அந்தம்மா பாத்துச்சு. எனக்கு ஒவ்வொரு ஆளும் ஒரு வருஷம் மாதிரி இருந்துச்சு. கடைசியா ஒரு கிழவர் தடி ஊனிக்கிட்டு எறங்கிப் போனார்.

கலாசி மேல் தளத்தை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்தான். கண்ணு கலங்கியிருந்துச்சு. "கோயி நஹி அம்மா"ன்னான். "கோயி நஹி."

கை விடல. உதடு அசைஞ்சுது. குனிஞ்சு காதை வச்சேன். காத்துதான் வந்துச்சு. என்ன கேக்குதுன்னு எனக்குத் தெரியாதா?

"பம்புக்காரன் இருக்கேன்மா"ன்னேன். "வேற யாருமில்ல. எல்லாரும் எறங்கியாச்சு."

கம்பியைப் பிடிச்ச கை தானா விட்டுச்சு.

தூக்கிட்டு எறங்கினோம். ஜெட்டியில வச்சதும் ஆம்புலன்ஸ்காரர் நாடியைப் பிடிச்சுப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார். எப்பப் போச்சுன்னு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியல. பாக்கியம் தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. புள்ளை அதைப் பாத்து வீறிட்டுச்சு.

கப்பல்ல மணி அடிச்சு, ஏணியைத் தூக்க ஆரம்பிச்சாங்க. நான் ஓடிப் போயி ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன். "ருக்கோ பாய், ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம்"னு கெஞ்சினேன். கலாசி நிறுத்தினான். ஏன்னு அவன் கேக்கல. பின்னால யாராவது வர்றாங்களான்னு அண்ணாந்து மேல பாத்துக்கிட்டே நின்னேன்.

யாரும் வரல.